ஒரே ஒரு கான்கார்டு பார்ப்பதென்றால் எங்கே போவது?

சித்தப்பா கோவையில் நாற்பது வருடம் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். மகளைப் பார்க்க மூன்று வாரத்துக்கு லண்டன் வந்திருந்தார். அரண்மனை, மணிக்கூண்டு, மெழுகு பொம்மை எதிலும் அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்கண்ணு, அந்தக் கூர்மூக்கு விமானம் இங்க எங்கயோ நிக்குதாமே? ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறனே."

கான்கார்டைத்தான் சொன்னார். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த, ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம். இப்போது எங்கும் பறப்பதில்லை. எனக்கு அதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது. சின்ன வயதில் நாளிதழில் வந்த அதன் படத்தை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தவன் நான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் "ஒன்றே ஒன்று" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அதனால் அன்றிரவு உட்கார்ந்து யோசித்ததை, இதே கேள்வியோடு ஐரோப்பா வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கட்டப்பட்ட கான்கார்டுகள் மொத்தம் 20. ஒன்று 2000 ஜூலை 25 அன்று பாரீஸ் அருகே கோனெஸ் என்ற ஊரில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். இன்னொன்றை உதிரி பாகங்களுக்காகக் கழற்றி, 1994-ல் உடைத்துவிட்டார்கள். மீதி 18 இன்றும் முழு உருவத்தில் நிற்கின்றன. பிரிட்டனில் 7, பிரான்சில் 6, அமெரிக்காவில் 3, ஜெர்மனியில் 1, பார்படாசில் 1. ஒரு காலத்தின் மொத்த விமானக் கூட்டத்தில் இவ்வளவு பெரிய பங்கு காப்பாற்றப்பட்டது அபூர்வம். இதே காலத்தில் பறந்த சாதாரண ஜெட் விமானங்கள் நூற்றுக்கணக்கில் பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன.

முதலில் கழிக்க வேண்டியவை

என் முதல் சல்லடை: உள்ளே ஏற முடியுமா? வெளியிலிருந்து பார்த்தால் கான்கார்டு அழகு, அவ்வளவுதான். உள்ளே நுழைந்தால்தான் அது எவ்வளவு இறுக்கமான ஏற்பாடு என்று உடம்புக்குப் புரியும். பயணிகள் பகுதியின் அகலம் 2.63 மீட்டர். நம் ஊர் புறநகர்ப் பேருந்தின் அகலம் ஏறக்குறைய அதுதான். பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடுவே ஓர் ஒல்லியான பாதை. உயரம் 1.96 மீட்டர். உயரமானவர்கள் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஜன்னல் உள்ளங்கை அளவுதான். உலகத்திலேயே விலை கூடிய பயணச்சீட்டு வாங்கியவர்கள் இந்தக் குழாய்க்குள் உட்கார்ந்து, ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில், சுமார் 18,000 மீட்டர் உயரத்தில் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அங்கே நின்று உணர்வது வேறு.

இந்தச் சல்லடையில் ஹீத்ரோவில் நிற்கும் கான்கார்டு முதலில் விழுகிறது. ஓடுபாதைக்கு அருகே நிற்கிறது. விமானம் ஏறும்போது அதிர்ஷ்டம் இருந்தால் ஜன்னல் வழியாக ஒரு வீச்சு தெரியும். விபத்துக்குப் பிறகு செய்த மாற்றங்கள் அதற்குச் செய்யப்படவே இல்லை. 2000 ஆகஸ்டோடு அதன் பறத்தல் முடிந்துவிட்டது. பாரீஸின் ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் உயரத்தில் ஏற்றி வைத்திருப்பதும் அப்படித்தான். சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம், அதோடு சரி.

அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேசி மையத்தில் இருப்பதையும் இதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். கொஞ்சம் மனவருத்தத்தோடுதான். 1976 ஜனவரி 21 அன்று பாரீஸிலிருந்து டக்கார் வழியாக ரியோ போய் ஏர் பிரான்சின் கான்கார்டு சேவையைத் தொடங்கி வைத்த விமானமே அதுதான். நுழைவுக் கட்டணம் இல்லை, கூரைக்கடியில் பளபளவென்று இருக்கிறது. அதே கூடத்தில் போயிங் 707-க்கு மூலவடிவமான மஞ்சளும் பழுப்புமான "டேஷ் 80" வேறு நிற்கிறது. ஆனால் உள்ளே விடுவதில்லை.

இரண்டாவது சல்லடை வானம். திறந்தவெளியில் நிற்கும் விமானம் மழையிலும் உப்புக்காற்றிலும் கெடும். அலுமினியத் தகட்டுக்கு ஈரம் ஆகாது, பெயின்ட்டுக்கு வெயில் ஆகாது. சில ஊர்களில் சக்கரத்தருகே துரு ஒழுகிய கோடுகளைப் பார்த்து மனம் கசந்து திரும்பியிருக்கிறேன். பார்வையாளருக்கும் இது முக்கியம். ஐரோப்பாவில் நவம்பரில் மழையில் நனைந்துகொண்டு ஒரு இறக்கையைச் சுற்றி வருவது பெரியவர்களுக்குச் சுகமல்ல.

மூன்றாவது சல்லடை நம்மவர்களுக்கென்றே உள்ளது. விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பிரிட்டன் விசா மட்டும் வைத்திருப்பவர் லண்டனில் ரயில் ஏறிப் பாரீஸ் போய்விட முடியாது. அதற்கு ஷெங்கன் விசா தனி. சித்தப்பாவிடம் அது இல்லை. அதனால் அவருக்கு நான் மிகவும் விரும்பும் இடமே கையை விட்டுப் போனது. அந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷெங்கன் விசா உள்ளவர்களுக்கு

பாரீஸின் வடகிழக்கில் லெ பூர்ஷே. 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து வந்து இறங்கிய பழைய விமானத் திடல். அங்கே உள்ள விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் ஒரே கூடத்தில் இரண்டு கான்கார்டுகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 001. 1969 மார்ச் 2 அன்று துலூஸில் ஆந்த்ரே தூர்க்கா ஓட்டிப் பறந்த முதல் கான்கார்டு. மற்றது பயணிகளோடு பறந்த "சியரா டெல்டா" (பதிவெழுத்தின் கடைசி இரண்டு எழுத்தான எஸ், டி-யை விமானிகள் அப்படித்தான் வாசிப்பார்கள்).

இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். 001-ன் நீளம் குறைவு. அதன் மூக்குக்கு மேலே இருக்கும் மூடி உலோகம். அதில் இரண்டு சின்ன ஜன்னல்கள் மட்டும். மூடியை மேலே ஏற்றிவிட்டால் விமானிக்கு முன்னால் தெரிவது அந்த இரண்டு துண்டு வானம்தான். அமெரிக்க அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. பிறகு வந்தவற்றில் வெப்பம் தாங்கும் கண்ணாடி மூடி வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் சியரா டெல்டாவில் அது தெளிவாகத் தெரியும். ஒரு கருவி எப்படித் திருத்தித் திருத்திச் செய்யப்பட்டது என்பதை வேறெந்த ஊரிலும் இப்படி பத்தடி நடையில் பார்க்க முடியாது.

001-ன் கூரையைக் கவனிக்க மறக்காதீர்கள். அதில் ஜன்னல் துளைத்திருக்கிறார்கள். 1973 ஜூன் 30 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆப்பிரிக்காவில் தரையில் நின்று பார்த்தவர்களுக்குச் சூரியன் மறைந்திருந்தது அதிகபட்சம் 7 நிமிடம். கானரித் தீவிலிருந்து கிளம்பிய 001, சந்திரனின் நிழலோடு கூடவே ஓடி, 74 நிமிடம் அந்த இருட்டுக்குள்ளேயே இருந்தது. விஞ்ஞானிகள் அந்தக் கூரை ஜன்னல்கள் வழியாகக் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த வருடம் அக்டோபரிலேயே 001 ஓய்வு பெற்று இங்கே வந்துவிட்டது. சியரா டெல்டாவுக்கும் பெருமை உண்டு. 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் கிளம்பிக் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றி, எரிபொருள் போட்டுக்கொண்ட நேரமும் சேர்த்து, 31 மணி 27 நிமிடத்தில் திரும்பி வந்த விமானம் அதுதான்.

பாரீஸில் தமிழர்கள் பெரும்பாலும் லா ஷாப்பல் பக்கம் தங்குவார்கள், அல்லது சாப்பிடவாவது வருவார்கள். அங்கிருந்து கார் து நோர் நிலையம் நடை தூரம். ஆர்.இ.ஆர். பி ரயிலில் லெ பூர்ஷே இறங்கி, 152 பேருந்து பிடித்தால் அருங்காட்சியக வாசல். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

இதற்குச் சமமாக நிற்கக்கூடியது ஜெர்மனியின் சின்ஸ்ஹைம். ஹைடல்பெர்க் அருகே, நெடுஞ்சாலையை ஒட்டிய அருங்காட்சியகத்தின் கூரைமேல் ஒரு கான்கார்டும் ஒரு சோவியத் துப்போலெவ் டியூ-144-ம் மூக்கைத் தூக்கி, கிளம்பும் கோணத்தில் நிற்கின்றன. இரண்டுக்குள்ளும் ஏறலாம். ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் ஜெட் உலகத்தில் இந்த இரண்டு வகைதான். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க இந்த ஊரை விட்டால் வேறு இல்லை.

டியூ-144 கான்கார்டைவிட இரண்டு மாதம் முந்தி, 1968 டிசம்பர் 31 அன்றே பறந்துவிட்டது. ஆனால் பயணிகளோடு அது பறந்தது 1977 நவம்பர் முதல் 1978 ஜூன் வரை, மாஸ்கோவுக்கும் அல்மா-அத்தாவுக்கும் நடுவே, வெறும் 55 தடவை. விமானி அறைக்குப் பின்னால் மீசைபோல இரண்டு குட்டி இறக்கைகள் இருக்கும். மெதுவாக இறங்கும்போது மூக்கு கவிழாமல் தாங்குவதற்காக அவற்றை நீட்டுவார்கள், வேகத்தில் மடக்கிக்கொள்வார்கள். உள்ளே ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. கான்கார்டைவிட விசாலம். ஆனால் பறக்கும்போது உள்ளே இருந்த இரைச்சலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதே கஷ்டம் என்று பயணம் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் சின்ஸ்ஹைம்தானே முதலிடம்? எனக்கு இல்லை. இரண்டும் கூரைக்கு மேலே திறந்தவெளியில் நிற்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஏறும் வழி. சுழல்படியில் கூரைக்கு ஏறி, அப்புறம் சாய்ந்து நிற்கும் விமானத்துக்குள்ளே மேட்டில் ஏறுவதுபோல நடக்க வேண்டும். பையன்களுக்கு அது கொண்டாட்டம். முழங்கால் வலி உள்ளவர்களை நான் கூட்டிப் போகமாட்டேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பிராங்க்ஃபர்ட் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் யோசிக்காமல் சின்ஸ்ஹைம் போங்கள். மறுநாள் நேரம் இருந்தால் ஸ்பையரில் உள்ள அதன் சகோதர அருங்காட்சியகத்துக்கும் போகலாம். தரைக்கு மேலே தூண்களில் ஏற்றிய லுஃப்தான்சா ஜம்போ ஒன்று அங்கே இருக்கிறது. இறக்கைமேலேயே நடக்க விடுகிறார்கள். உள்ளே தகட்டை உரித்து எலும்புக்கூட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

துலூஸ் மூன்றாவது. பிரெஞ்சுக் கான்கார்டுகள் பிறந்த ஊர் அது. ஏரோஸ்கோப்பியா அருங்காட்சியகத்தில் இரண்டு இருக்கின்றன. ஆனால் பாரீஸிலிருந்து அத்தனை தூரம் போகிறவருக்கு அதே ஊரில் தயாராகும் ஏர்பஸ் விமானங்கள் மீதும் ஆசை இருந்தால்தான் பயணம் நிறையும்.

பிரிட்டன் விசா மட்டும் உள்ளவர்களுக்கு

இனி சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். ஹீத்ரோவில் உள்ளதைத் தள்ளிவிட்டால் பிரிட்டனில் மிச்சம் ஆறு. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூனும் சாமர்செட்டின் யோவில்ட்டனும் லண்டனிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது. எடின்பரோவில் தங்குகிறவர்கள் ஈஸ்ட் ஃபார்ச்சூன் போகலாம். 1976-ல் பஹ்ரைனுக்குப் பறந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் சேவையைத் தொடங்கிய விமானம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தேம்ஸ் நதியில் படகில் ஏற்றி, கடல் வழியாக வடக்கே கொண்டுபோனார்கள்.

மான்செஸ்டர் விமான நிலையத்தை ஒட்டிய பார்வையாளர் பூங்காவில் உள்ளதன் பதிவெழுத்து "பி-ஓ-ஏ-சி" என்று முடியும். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முன்னோடியான நிறுவனத்தின் பெயரே அதுதான் என்பதால் கூட்டத்துக்குத் தலைமை விமானம்போலக் கருதப்பட்டது. அதற்கென்றே கட்டிய கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப்போகும் சுற்றுக்களுக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். பக்கத்திலேயே ஓடுபாதை என்பதால் நாள் முழுக்க விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம். மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் உறவினர் இருந்தால் இதைவிட வேறு தேட வேண்டாம். லண்டனிலிருந்து இதற்காக மட்டும் போக நான் சொல்லமாட்டேன்.

ஆக லண்டனிலிருந்து போய்வர மூன்று: புரூக்லாண்ட்ஸ், பிரிஸ்டல், டக்ஸ்ஃபர்ட்.

புரூக்லாண்ட்ஸ் மிக அருகில். வாட்டர்லூவிலிருந்து வேபிரிட்ஜுக்கு ரயிலில் சுமார் அரை மணிதான். அங்கே உள்ள "டெல்டா கோல்ஃப்" ஒலியின் இரு மடங்கு வேகத்தில் 100 பேரைச் சுமந்த முதல் விமானம். ஆனால் சீட்டு வாங்கிய பயணிகளை அது ஏற்றியதே இல்லை. சோதனை முடிந்ததும் மற்றவற்றுக்கு உதிரி பாகம் கொடுக்கும் விமானமாகப் பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் கிடந்து, கடைசியில் துண்டு துண்டாகச் சாலை வழியே இங்கே வந்து, தன்னார்வலர்கள் கையால் மறுபடி எழுந்தது. உள்ளே இருக்கைகளில் உட்கார வைத்து, ஒரு பயணம் எப்படி இருந்திருக்கும் என்று ஒலியோடும் படத்தோடும் காட்டுகிறார்கள். விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த பழைய சிமுலேட்டரும் அங்கே இருக்கிறது. 1907-ல் போட்ட கார் பந்தயப் பாதையின் மிச்சம், பழைய பேருந்துகள் என்று வேறு ஈர்ப்புகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு குடும்பமாக வருகிறவர்களுக்கு என் பதில் புரூக்லாண்ட்ஸ். குறை ஒன்றுதான், விமானம் திறந்தவெளியில் நிற்கிறது.

பிரிஸ்டல் உணர்ச்சிக்கு. உலகில் கடைசியாகப் பறந்த கான்கார்டு "ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட்". 2003 நவம்பர் 26 அன்று ஹீத்ரோவில் கிளம்பி, பிரிஸ்டலின் கிளிஃப்டன் தொங்குபாலத்துக்கு மேலே பறந்து, தான் கட்டப்பட்ட ஃபில்டனிலேயே இறங்கியது. அன்றோடு அந்த வகை விமானத்தின் பறத்தலே முடிந்தது. பிறகு பல வருடம் வெளியே நின்றது. ஓடுபாதையையும் 2012-ல் மூடிவிட்டார்கள். 2017-ல் ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல் திறந்தபோதுதான் அதற்குக் கூரை கிடைத்தது. இப்போது மூக்கிலிருந்து வால்வரை, கீழேயிருந்தும் பார்க்கலாம், ஏறி உள்ளேயும் நடக்கலாம். பயணிகளோடு பறந்த நிலையிலேயே முழுமையாக ஒரு கான்கார்டைப் பார்க்க வேண்டும், விசா பிரிட்டன் மட்டும்தான் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நான் பிரிஸ்டலைத்தான் சொல்வேன். லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் பார்க்வே வரை ரயில், பிறகு பேருந்து அல்லது டாக்சி.

ஆனால் சித்தப்பாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது டக்ஸ்ஃபர்ட்.

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள அந்தப் பழைய போர்க்கால விமானத் திடலில் இருப்பது 101. முன்மாதிரிகளுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் நடுவே கட்டிய சோதனை விமானம். கண்ணாடி மூடி இதில் வந்துவிட்டது, வால் மட்டும் பழைய குட்டை வடிவம். 1974 மார்ச் 26 அன்று ஒலியைப்போல 2.23 மடங்கு வேகம் தொட்டது. எந்தக் கான்கார்டும் அதை மிஞ்சவில்லை. 1977 ஆகஸ்ட் 20 அன்று டக்ஸ்ஃபர்டில் வந்து இறங்கியது. எம்-11 நெடுஞ்சாலை போடுவதற்காக அந்த ஓடுபாதையின் ஒரு பகுதியை வெட்டப்போகிறார்கள், அதற்குள் வந்தாக வேண்டும் என்ற அவசரம். அன்று வந்ததுதான், இன்றுவரை அங்கேயே. இப்போது ஏர்ஸ்பேஸ் என்ற பெரிய கூடத்துக்குள் மழை படாமல் இருக்கிறது.

அதற்குள்ளே ஏறினால் சொகுசு எதுவும் இருக்காது. நூறு இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் அளவீட்டுக் கருவிகளின் அலமாரிகள், டயல்கள், கத்தை கத்தையாக ஒயர்கள். வேலை நடந்த இடம் என்பது பார்த்ததுமே தெரியும். உல்லாசப் பயணியாக வருகிறவருக்கு இது ஏமாற்றம். பட்டறைக்காரருக்கு அப்படியல்ல என்று எனக்குத் தோன்றியது. டக்ஸ்ஃபர்டில் பழைய பிரிட்டிஷ் ஜெட்களும் உண்டு. அதில் ஒரு காமெட் 4, 1958 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு வந்த முதல் ஜெட். முந்தைய காமெட்கள் 1954-ல் உலோகச் சோர்வால், தகட்டில் வெட்டிய துளையின் மூலையில் விரிசல் விட்டு, நடுவானில் பிளந்து போனவை என்பதைச் சொல்லிவிட்டு இதைக் காட்டினால், ஒரு தகட்டின் மூலை எத்தனை உயிரோடு சம்பந்தப்பட்டது என்று யாருக்கும் விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. எந்த ஊர் போனாலும், அன்று விமானத்துக்குள்ளே விடுகிறார்களா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நான் நாலு மணி நேரம் பயணம் செய்து ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பராமரிப்பு வேலை என்று ஏணியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கூட வந்த நண்பனின் மகள் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி

நியூயார்க்கில் இன்ட்ரெபிட் போர்க்கப்பல் அருங்காட்சியகத்தின் "ஆல்ஃபா டெல்டா" 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் அட்லாண்டிக்கைத் தாண்டியது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதன்மேல் தனிப் பாசம் வரக்கூடும். 1977-ல் லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று கான்கார்டு ஓடத் தொடங்கியபோது இதன் இடப்பக்கம் முழுக்கச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். மலாக்கா நீரிணைக்கு மேலே ஒலியை மிஞ்சிப் பறக்க மலேசியா எதிர்த்ததால் ஒருசில தடவையோடு நின்று, 1979-ல் மறுபடி தொடங்கி, 1980-ல் முடிந்தது. ஏர் இந்தியாவும் ஆரம்பத்தில் இரண்டு கான்கார்டுகளுக்கு விருப்ப ஒப்பந்தம் போட்டிருந்தது. அது கைகூடவில்லை.

சியாட்டில் அதைவிட மேல். அங்கே கான்கார்டோடு முதன்முதலில் பறந்த போயிங் 747-ம் கூரைக்கடியில் இருக்கிறது. அந்தக் கான்கார்டில் ஒரு தொப்பியும் உண்டு. வேகத்தின் சூட்டில் கான்கார்டின் உடல் ஒரு சாண் அளவுக்கு நீளும். அப்போது விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி திறக்கும், தரையிறங்கி ஆறியதும் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணத்தில் பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் செருகி விட்டார்கள். இனி அந்த விமானம் சூடாகப்போவதில்லை, தொப்பியும் வெளியே வரப்போவதில்லை. சியாட்டிலில் யாரோ அதை வெட்டி எடுத்துப் போக, பிறகு அது திரும்பி வந்தது.

டக்ஸ்ஃபர்டில் அன்று

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி விட்டில்ஸ்ஃபர்ட் பார்க்வேயில் இறங்கி டாக்சி பிடித்தோம். கூடத்துக்குள் நுழைந்ததும் சித்தப்பா மூக்கைப் பார்க்கப் போகவில்லை. நேரே இறக்கைக்கு அடியில் போய் நின்றார். தொடக் கூடாது என்று பலகை இருந்ததால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறொருத்தர் பட்டறைக்குள் போனால் அவர் அப்படித்தான் நிற்பார்.

"இந்தப் பொட்டிக்குள்ளதான் இன்ஜினா?"

"ஆமாங்க சித்தப்பா. இந்தச் சதுர வாய் வழியாத்தான் காத்து போகுது. ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்துல வர்ற காத்து அப்படியே இன்ஜினுக்குள்ள போனா இன்ஜின் தாங்காது. அதனால இந்தச் சில மீட்டருக்குள்ளயே அது வேகத்தைப் பாதிக்கு மேல கொறைச்சாகணும். மேல தெரியுது பாருங்க, அந்தத் தகடு ஏறி எறங்கும்."

"எது ஏத்தி எறக்குது?"

"கம்ப்யூட்டர்ங்க. அந்தச் சோதனையெல்லாம் இந்த விமானத்துலதான் பண்ணினாங்க."

அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, அந்த வாய்க்குள்ளேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது, மூக்குக்குக் கீழே படம் எடுத்தது, திரும்பியும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் படியேறினோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிமிடம். உள்ளே அந்த ஒல்லிப் பாதையில், ஒயர்க் கத்தைகளுக்கு நடுவே, ஒவ்வொரு டயலையும் நின்று படித்தார். ஆங்கிலம் கூட்டிக் கூட்டிப் படிப்பார், ஆனால் அளவுகள் அவருக்கு மனப்பாடம்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்கண்ணு, ஜனங்க உக்கார்ற சீட்டே காணமே அதுல?"

"இது சவாரிக்குப் போன விமானம் இல்லைங்க சித்தப்பா. மத்ததெல்லாம் ஒழுங்காப் பறக்கணும்னு இது வேலை பார்த்துச்சு. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் அந்தக் குட்டை வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு சுத்து வந்துடலாம் வா கண்ணு."